துப்பாக்கி பிள்ளையிடம், பணப்பை உங்களிடம்: வெளிமாநில வான்கோழி வேட்டைக்கு ஒரு சிக்கனத் திட்டம்

வேறு மாநிலத்துக்கு வேட்டைக்குக் கிளம்பும்போது அமெரிக்காவில் பலரும் முதலில் பெட்ரோல் கணக்கைத்தான் போடுகிறார்கள். கையைக் கடிப்பது பெட்ரோல் அல்ல, உரிமக் கட்டணம். வெளிமாநிலப் பெரியவர் ஒருவர் வசந்தகால வான்கோழி வேட்டைக்கு உரிமம் எடுத்தால் பெரும்பாலான இடங்களில் நூறு டாலரைத் தாண்டிவிடும். டெக்சாஸில் வெளிமாநிலத்தவருக்கான வசந்தகால வான்கோழி உரிமமே 126 டாலர். அதே டெக்சாஸில் 17 வயது நிரம்பாத பிள்ளைக்கு, அது எந்த மாநிலத்துப் பிள்ளையாக இருந்தாலும், வேட்டை உரிமம் 7 டாலர்தான். நெப்ராஸ்காவும் 15 வயது வரையுள்ள பிள்ளைகளிடம் உள்ளூர், வெளியூர் என்று பார்ப்பதில்லை. பத்து டாலருக்குள் வான்கோழி உரிமம் தருகிறது.

இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டுதான் இந்த அத்தியாயத்தின் திட்டம் முழுவதும் நிற்கிறது. வேட்டை உங்கள் பிள்ளையுடையது. நீங்கள் சுடப் போவதில்லை. வண்டி ஓட்டுவீர்கள், சுமை தூக்குவீர்கள், பெட்டை வான்கோழிபோல ஓசை எழுப்புவீர்கள், காதருகே மெல்லப் பேசுவீர்கள். "இவ்வளவு தூரம் வந்தாயிற்று, நானும் ஒன்று சுட்டால் என்ன?" என்று தோன்றும். தோன்றினால் அடக்கிக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று என்று போகிற பயணங்களில் பிள்ளை மறைவுக் கூடாரத்துக்குள் உட்கார்ந்து கொட்டாவி விடுவதும், அப்பா காட்டுக்குள் நடப்பதும்தான் கடைசியில் மிஞ்சும். செலவும் இரட்டிப்பாகும்.

எந்த மாநிலம்

மாநிலத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள்: பிள்ளைக்கான கட்டணம், பொதுநிலத்தின் அளவு, ஒரு நாளில் எத்தனை மணி வரை வேட்டையாடலாம் என்பது.

டெக்சாஸ் முதல் கேள்வியில் தேறும், இரண்டாவதில் தடுமாறும். அங்கே நிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் தனியார் கையில் இருக்கிறது. தெரிந்தவரின் பண்ணை இருந்தால் டெக்சாஸைப் போல வசதியான இடம் வேறில்லை. இல்லாவிட்டால் 7 டாலர் உரிமத்தை வைத்துக்கொண்டு வேலிக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். நியூயார்க்கில் பொதுநிலம் உண்டு, ஆனால் வசந்தகால வேட்டை நண்பகலோடு முடிந்துவிடும். பென்சில்வேனியாவிலும் பருவத்தின் முதல் பாதியில் அப்படித்தான். விடியலில் எழுப்பப்பட்ட பிள்ளை அரைத் தூக்கத்தில் இருக்கும் நேரம் போக உங்களுக்குக் கிடைப்பது மூன்று மணி நேரம். பிள்ளையோடு போகிறவர்கள் நாள் முழுவதும் அனுமதி உள்ள மாநிலத்தையே தேட வேண்டும்.

மூன்றிலும் தேறுவது நெப்ராஸ்கா. அதிலும் வடமேற்கு மூலையில் உள்ள பைன் ரிட்ஜ் மலைத்தொடர். சோளக்காடும் சமவெளியுமாக நினைவில் நிற்கும் அந்த மாநிலத்தில், சாட்ரன், கிராஃபர்ட் என்ற இரண்டு சிற்றூர்களைச் சுற்றி பாண்டரோசா பைன் மரங்கள் அடர்ந்த குன்றுகளும் ஓடைப் பள்ளங்களும் திடீரென்று எழுகின்றன. இங்கே இருப்பது மெர்ரியம் வகை வான்கோழி. வாலின் நுனி வெள்ளையாக இருக்கும், தோகை விரித்தால் தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும். இவை இந்த மலைக்குப் பூர்விகமானவை அல்ல. காட்டு வான்கோழி அற்றுப்போயிருந்த மாநிலத்தில் 1959-இல் வனத்துறையினர் கொண்டுவந்து விட்ட பறவைகளின் வழித்தோன்றல்கள். நெப்ராஸ்கா தேசியக் காட்டின் பைன் ரிட்ஜ் பகுதி, அதை ஒட்டிய ஒக்லாலா தேசியப் புல்வெளி, மாநில வனவிலங்கு நிலங்கள் எல்லாம் சேர்ந்து கால் வலிக்க நடந்தாலும் தீராத பொதுநிலம். இவற்றோடு, 'ஓப்பன் ஃபீல்ட்ஸ் அண்ட் வாட்டர்ஸ்' என்ற திட்டத்தில் விவசாயிகளுக்கு அரசு பணம் கொடுத்து, அவர்கள் நிலத்தில் பொதுமக்கள் நடந்து போய் வேட்டையாட வழி செய்திருக்கிறது. எந்தெந்த நிலம் என்று காட்டும் வரைபட நூலை மாநிலத் துறை இலவசமாகவே தருகிறது. ஆன்எக்ஸ் போன்ற கைபேசிச் செயலிகள் நிலத்தின் எல்லையை நீங்கள் நிற்கும் இடத்திலேயே காட்டும். சந்தா கட்ட மனமில்லாவிட்டால் வனத்துறையின் வரைபடத்தைக் கைபேசியில் சேமித்துக்கொள்ளுங்கள். பள்ளங்களுக்குள் சிக்னல் கிடைக்காது என்பதால் எதுவானாலும் கிளம்புமுன் சேமித்திருக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. எல்லைக்கு அப்பால் தெற்கு டகோட்டாவில் பைன் ரிட்ஜ் என்ற அதே பெயரில் ஒக்லாலா லகோட்டா பழங்குடியினரின் நிலப்பகுதி இருக்கிறது. அங்கே பழங்குடி அரசின் தனி அனுமதி வேண்டும், நெப்ராஸ்கா உரிமம் செல்லாது. இணையத்தில் தேடும்போது இரண்டும் கலந்துதான் வரும்.

தெற்கு டகோட்டாவின் பிளாக் ஹில்ஸும் நல்ல மாற்று இடம், பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் தேசியக் காடு. நெப்ராஸ்கா ஒத்துவராதவர்கள் அதையும் பாருங்கள்.

காகிதங்கள்

இந்தப் பகுதியை அவசரமாகப் படிக்காதீர்கள். இங்கே செய்யும் தவறுக்குத் தண்டனை அபராதத்தோடு நிற்காது.

முதலில் வேட்டைக் கல்விச் சான்றிதழ். ஒரு மாநிலத்தில் பெற்ற சான்றிதழை மற்ற மாநிலங்களும் ஏற்றுக்கொள்கின்றன. பல மாநிலங்களில் பாடத்தை இணையத்திலேயே படித்துவிடலாம், சில இடங்களில் ஒரு நாள் நேரடிப் பயிற்சியும் கேட்பார்கள். அந்தப் பயிற்சி நாள்கள் வேட்டைப் பருவம் நெருங்க நெருங்க நிரம்பிவிடும். நெப்ராஸ்காவில் துப்பாக்கியோடு வேட்டையாடும் 12 முதல் 29 வயது வரை உள்ளவர்களுக்கு இது கட்டாயம். 12 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்குச் சான்றிதழ் வேண்டாம், ஆனால் உரிமம் வைத்திருக்கும் 19 வயது நிரம்பிய பெரியவர் கூடவே இருக்க வேண்டும். அதாவது, பத்து வயதுப் பிள்ளையை அழைத்துப் போனால் நீங்கள் சுடாவிட்டாலும் உங்களுக்கும் உரிமம் வாங்க வேண்டிவரும், சிக்கனம் பாதியாகக் குறையும். என் யோசனை: பிள்ளைக்கு 12 ஆகும்வரை உள்ளூரில் முயல், அணில் என்று பழக்குங்கள். சான்றிதழ் கையில் வந்தபின் வெளிமாநிலம் போங்கள். பணம் மிச்சமாவது ஒருபுறம். 12 வயதில் அந்த உடம்பு துப்பாக்கியின் கனத்தையும் உதைப்பையும் தாங்குகிறது, அந்த மனம் செத்த பறவையையும் தாங்குகிறது.

அடுத்தது, அமெரிக்காவில் விசாவில் இருக்கும் குடும்பங்களுக்கு மட்டுமான செய்தி. எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. இதற்கு ஒரு விலக்கு உண்டு. அமெரிக்காவில் முறையாக வழங்கப்பட்ட, காலாவதியாகாத வேட்டை உரிமம் உள்ளவரை அந்தத் தடை கட்டுப்படுத்தாது. பிள்ளை இங்கே பிறந்த குடிமகளாக இருக்கலாம், அவள் பெயரில் உரிமமும் இருக்கலாம். ஆனால் டிக்கியில் அந்தத் துப்பாக்கியை ஏற்றி முந்நூறு மைல் ஓட்டுவது நீங்கள். உங்களிடம் உரிமம் இல்லாவிட்டால் குற்றம் உங்களுடையது. ஆகவே விசாவில் இருப்பவர்கள் குறைந்தபட்சம் தாங்கள் வசிக்கும் மாநிலத்தின் மலிவான சிறுவிலங்கு வேட்டை உரிமத்தையாவது எடுத்து, துப்பாக்கியைத் தொடுவதற்கு முன்பே அதைக் கையில் வைத்திருங்கள். பச்சை அட்டைக்கு விண்ணப்பம் போட்டுக் காத்திருப்பவர்கள் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. பச்சை அட்டை கையில் உள்ளவர்களுக்கும் குடிமக்களுக்கும் இந்தத் தடை இல்லை.

மாநில எல்லைகளைத் தாண்டும்போது துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது. துப்பாக்கியும் தோட்டாவும் வண்டியில் இருப்பவர்கள் கைக்கு எட்டாத இடத்தில், பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். 1986-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் இப்படிக் கடந்து போகிறவருக்குப் பாதுகாப்பு தருகிறது. புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் அதை வைத்திருப்பது சட்டப்படி சரியாக இருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு. விமானத்தில் போனால், உறுதியான பூட்டுப் பெட்டியில் தோட்டா நீக்கி வைத்து, சரக்குப் பெட்டியாகக் கொடுக்கும்போது கவுண்டரில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சிக்கனம் பேசும் இந்த அத்தியாயத்தில் விமானத்துக்கு இதற்கு மேல் இடமில்லை.

எப்போது போவது

நெப்ராஸ்காவில் வில்வேட்டை மார்ச் கடைசியிலேயே தொடங்கிவிடும். ஏப்ரலில் பிள்ளைகளுக்கு மட்டுமான துப்பாக்கிப் பருவம் ஒன்று, பெரியவர்களுக்கு முன்னதாகவே திறக்கும். அதன்பின் எல்லோருக்குமான பருவம் மே 31 வரை. பிள்ளைகள் பருவம் என்றதும் அந்த வார இறுதிக்கே எல்லோரும் பாய்கிறார்கள். அது உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு நல்லது. ஐந்து மணி நேரம், பத்து மணி நேரம் வண்டி ஓட்டி வருகிறவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். ஏப்ரலில் பைன் ரிட்ஜில் பனி கொட்டலாம். சேவல்களைச் சுற்றிப் பெட்டைகள் கூட்டமாக இருக்கும். நிஜப் பெட்டை பக்கத்தில் இருக்கும்போது நீங்கள் எழுப்பும் ஓசையை அது ஏன் மதிக்கப் போகிறது?

மே மாத நடுவிலிருந்து கடைசி வரைதான் பிள்ளைகளுக்கு ஏற்ற காலம். பெட்டைகள் முட்டை மேல் உட்காரப் போய்விடும், தனித்துவிடப்பட்ட சேவல் நாள் முழுவதும் தேடி அலையும். புல் பச்சையாகி ஒளிந்துகொள்ள மறைவு கிடைக்கும். மற்ற வேட்டைக்காரர்கள் சலித்துப்போய் வீடு திரும்பியிருப்பார்கள். மே மாதக் கடைசித் திங்கள்கிழமை மெமோரியல் டே விடுமுறை என்பதால் பள்ளியும் அலுவலகமும் ஒரே நேரத்தில் விடுகின்றன. குறை இரண்டு உண்டு: உண்ணி, பாம்பு. உண்ணிக்கு, கிளம்புமுன் உடைகளில் பெர்மெத்ரின் தெளித்துக் காயவையுங்கள். மாலையில் பிள்ளையின் முட்டிக்குப் பின்புறம், அக்குள், காது மடல், தலைமுடி எல்லாம் தடவிப் பார்ப்பதை வழக்கமாக்குங்கள். அந்தப் பக்கம் சமவெளிக் கிலுகிலுப்பை விரியன் உண்டு. கணுக்காலை மூடும் காலணி, கை வைக்குமுன் கண் வைக்கும் பழக்கம், இவை போதும்.

இந்த மூலை மலைநேர மண்டலத்தில் இருக்கிறது. மாநிலத்தின் பெரும்பகுதியைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. சூரிய உதயத்துக்கு அரை மணி முன்புதான் சுடத் தொடங்கலாம் என்பதால் இந்த ஒரு மணி நேரம் முக்கியம். கிழக்கிலிருந்து வருகிறவர்கள் வழியில் ஒரு மணி நேரம் முன்னே இருக்கும் வேலண்டைன் ஊரின் நேரத்தை மனதில் வைத்துக்கொண்டு வந்து குழம்புகிறார்கள்.

செலவு

டென்வரிலிருந்து சாட்ரன் ஏறத்தாழ முந்நூறு மைல். போக, வர, அங்கே சுற்ற எல்லாம் சேர்த்து 750 மைல் என்று வையுங்கள். காலனுக்கு 25 மைல் கொடுக்கும் வண்டி 30 காலன் குடிக்கும். காலன் மூன்றரை டாலர் என்றால் 105 டாலர். பிள்ளையின் உரிமம் பத்து டாலருக்குள். வாழிட முத்திரை என்று தனியாக ஒரு கட்டணம் உங்கள் பிள்ளைக்கு உண்டா இல்லையா என்பதை வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். தோட்டா ஒரு பெட்டி 40 முதல் 50 டாலர். ஐஸ், சில்லறைச் செலவு முப்பது.

மீதி, தங்கும் இடம். தேசியக் காட்டில் முறையான கூடாரத் தளங்களுக்கு வெளியே, வண்டிப் பாதைக்கு அருகில் கூடாரம் போட்டால் வாடகையே இல்லை. பொதுவாக 14 நாள் வரை விடுவார்கள். ஒரு நிபந்தனை: 2006-லும் 2012-லும் இந்த மலையில் பெருந்தீ பரவி ஏராளமான மரங்கள் கருகின. பட்ட மரங்கள் காற்றில் சாயும், அவற்றின் கீழே கூடாரம் போடாதீர்கள். பிள்ளையோடு முதல் தடவை போகிறவர்களுக்கு என் தேர்வு காட்டுக் கூடாரம் அல்ல, சாட்ரன் மாநிலப் பூங்கா. 1921-இல் தொடங்கிய, நெப்ராஸ்காவின் முதல் மாநிலப் பூங்கா அது. வெந்நீர்க் குளியலும் கழிப்பறையும் உண்டு. இரவுக்கு இருபது, முப்பது டாலரில் கூடாரத் தளம் கிடைக்கும், வண்டிக்கு நுழைவு அனுமதி தனி. மழை பிடித்துக்கொண்டால் அங்கேயே மரவீடு எடுக்கலாம். நாலு நாள் நனைந்த பிள்ளை அடுத்த வருஷம் வர மாட்டேன் என்று சொன்னால் மிச்சம் பிடித்த எண்பது டாலரால் என்ன பயன்?

சாப்பாட்டை வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். புளியோதரையும் சப்பாத்தியும் இரண்டு நாள் தாங்கும். அதன்பின் ரொட்டி, முட்டை, சாட்ரன் கடையில் வாங்கும் பழம். ஆக மொத்தம், வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்றால், மூன்று இரவுப் பயணம் 300 டாலரை ஒட்டி முடியும். வழிகாட்டியை அமர்த்திப் போகும் வேட்டை ஆயிரத்துக்கு மேல் போகும். வழிகாட்டிகளைக் குறை சொல்லவில்லை. பிள்ளை கற்றுக்கொள்ள வேண்டியதையெல்லாம் வேறொருவர் செய்து முடித்துவிடுவார் என்பதுதான் என் மனத்தாங்கல்.

தனியார் நிலத்திலும் இலவசமாக இடம் கிடைக்கக்கூடும். நெப்ராஸ்காவில் பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும் உரிமையாளரின் அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. பகல் நேரத்தில், மறைவு உடையைக் கழற்றிவிட்டு, பிள்ளையோடு போய்க் கதவைத் தட்டுங்கள். கேட்பது பிள்ளையாக இருக்கட்டும். மாட்டுத் தீவனத்தில் வான்கோழிகள் எச்சமிடுவதைப் பார்த்துச் சலித்த பண்ணையார்கள் அங்கே உண்டு. மறுத்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அனுமதித்தால் திறந்த கதவைத் திறந்தபடியும் மூடியதை மூடியபடியும் விட்டுவிட்டு வாருங்கள், ஊருக்குப் போனதும் பிள்ளையின் கையெழுத்தில் ஒரு கடிதம் அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டுக்கான அனுமதி அதில் இருக்கிறது.

துப்பாக்கியும் பயிற்சியும்

பிள்ளைக்கு 20 கேஜ் ஷாட்கன். பெரியவர்களின் 12 கேஜைக் கொடுக்கவே வேண்டாம், ஒரே உதையில் பிள்ளை பயந்துவிடும், பிறகு விசையை இழுக்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்ளும். 410 வகை இன்னும் மென்மையானதுதான், ஆனால் எல்லா மாநிலமும் வான்கோழிக்கு அதை அனுமதிப்பதில்லை. துப்பாக்கிக் கட்டையின் நீளம் பிள்ளையின் கைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். சிறுவர் அளவில் செய்த பழைய பம்ப் துப்பாக்கி இருநூறு, முந்நூறு டாலருக்குக் கிடைக்கும். வேட்டைக்கார நண்பர் இருந்தால் இரவல் கேளுங்கள். பிள்ளை வளர்ந்துவிட்ட வீடுகளில் அது பரணில்தான் கிடக்கும்.

தோட்டாவில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். டங்ஸ்டன் ரவை ஈயத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் அடர்த்தியானது. அதனால் பொடி ரவையாக இருந்தும் ஆழமாகப் பாயும், சிறிய துப்பாக்கியும் பெரியதன் வேலையைச் செய்யும். ஒரு தோட்டாவே பத்து டாலர் வரை போகும் என்பதால் அதை வைத்துப் பயிற்சி செய்ய முடியாது. மலிவான, உதைப்பு குறைந்த தோட்டாக்களில் பிள்ளை பழகட்டும். கடைசியில் வேட்டைத் தோட்டா ஒன்றிரண்டை, வான்கோழித் தலை வரைந்த தாளில் 25 கஜத்தில் நீங்கள் சுட்டு, ரவை எப்படிப் பரவுகிறது என்று பாருங்கள். பிள்ளைக்கான எல்லை அந்த 25 கஜம்தான். 40 கஜத்தில் சுடலாம் என்று தோட்டாப் பெட்டி சொல்லும், பெட்டி பேச்சைக் கேட்காதீர்கள்.

பயிற்சியிலும் காட்டிலும் காதுக்கும் கண்ணுக்கும் காப்பு வேண்டும். துப்பாக்கியைத் தாங்க ஒரு முக்காலி வாங்குங்கள். பத்து நிமிடம் துப்பாக்கியை ஏந்திக்கொண்டு அசையாமல் இருக்க எந்தப் பிள்ளையாலும் முடியாது. சுட வேண்டிய இடம், கழுத்தில் இறகு தொடங்கும் விளிம்பு. சேவல் தோகை விரித்து உப்பி நிற்கும்போது தலை உடலோடு ஒட்டி இருக்கும், அப்போது சுடக் கூடாது. அது தோகையை மடக்கிக் கழுத்தை நீட்டும்வரை காத்திருக்க வேண்டும். வீட்டுச் சுவரில் படத்தை ஒட்டி, வெற்றுத் துப்பாக்கியோடு இதைப் பலமுறை ஒத்திகை பாருங்கள்.

காட்டில்

மே கடைசியில் அங்கே ஐந்தே கால், ஐந்தரைக்கெல்லாம் சூரியன் எழுந்துவிடும். இரவெல்லாம் மரத்தில் அடைந்திருக்கும் சேவல் கீழே இறங்குமுன் கிளையிலேயே குரல் கொடுக்கும். அமைதியான காலையில் ஒரு மைல் தூரம் கேட்கும். அதைப் பிள்ளை ஒரு நாளாவது கேட்க வேண்டும். தினமும் மூன்றரைக்கு எழுப்பிக் கேட்க வைக்க வேண்டியதில்லை. ஒரு நாள் விடியலுக்குப் போங்கள், மற்ற நாள்களில் தூங்க விட்டு, சாப்பிட வைத்து, எட்டரை மணிக்குப் போய் உட்காருங்கள். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை, பெட்டைகள் கூட்டுக்குப் போனபின், தனித்த சேவல் தேடி வரும் நேரம். அனுபவசாலிகள் காபி குடிக்கப் போயிருக்கும் இந்த நேரத்தில்தான் பிள்ளைகளுக்கு அதிர்ஷ்டம் அடிக்கிறது.

மடித்துத் தூக்கிப்போகும் மறைவுக் கூடாரம் நூறு டாலருக்குள் கிடைக்கும், இரவலாகவும் கிடைக்கும். கட்டாயம் கொண்டுபோங்கள். வான்கோழியின் பார்வை கூர்மையானது, விரல் அசைந்தாலும் ஓடிவிடும். கூடாரத்துக்குள் பிள்ளை நெளியலாம், கடலை மிட்டாய் தின்னலாம், படம் வரையலாம். இரண்டு மணி நேரம்தான் வரம்பு, அதற்கு மேல் இழுக்காதீர்கள். பெட்டைபோல ஓசை எழுப்பும் கருவிகளில் மரப்பெட்டி வகை எளிது. மூடியை விளிம்பில் உரசினால் போதும், அதைப் பிள்ளையிடமே கொடுத்துவிடுங்கள். எதிரே பொம்மைப் பெட்டை ஒன்றைப் பதினைந்து, இருபது கஜத்தில் நட்டுவையுங்கள். அது தூரத்தை அளந்து காட்டும் கோலாகவும் ஆகும்: பொம்மையைத் தாண்டி நிற்கும் சேவலைச் சுடாதே என்றால் பிள்ளைக்குப் புரியும்.

பொதுநிலத்தில் மற்ற மனிதர்கள்தான் பெரிய ஆபத்து. சேவலின் தலை சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக மாறும். அதனால் இந்த மூன்று நிறமும் பிள்ளையின் உடையில், காலுறையில், கைக்குட்டையில்கூட இருக்கக் கூடாது. பொம்மையைப் பையில் போட்டுத்தான் தூக்கிப் போக வேண்டும். தோகை விரித்த சேவல் பொம்மையைப் பொதுநிலத்தில் பயன்படுத்தவே வேண்டாம். வெளியே மரத்தடியில் உட்கார நேர்ந்தால் தோளைவிட அகலமான மரத்தில் சாய்ந்து உட்காருங்கள். வேறு வேட்டைக்காரர் வந்தால் கையை ஆட்டாதீர்கள், மனிதக் குரலில் உரக்கப் பேசுங்கள். குரல் வரும் திசையில் பதுங்கிப் பதுங்கிப் போவது வேண்டவே வேண்டாம், அங்கே குரல் கொடுப்பது இன்னொருவரின் பெட்டியாக இருக்கலாம். துப்பாக்கியில் தோட்டா போடுவது கூடாரத்துக்குள் உட்கார்ந்த பிறகு. பாதுகாப்புப் பூட்டைத் திறப்பது நீங்கள் சொன்ன பிறகு.

வசந்தத்தில் சுட வேண்டியது ஆண் பறவையை. மார்பில் தாடிபோலத் தொங்கும் மயிர்க்கொத்தே அடையாளம். ஒரு வயது இளஞ்சேவலுக்கு அது விரல்நீளம்தான் இருக்கும், அதையும் சுடலாம். முதல் பறவை பெரிதாக இருக்க வேண்டும் என்று பெரியவர்கள் ஆசைப்பட்டு, வந்த இளஞ்சேவலை விட்டுவிடச் சொல்வது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். மாறாக, சேவல் பத்து கஜத்தில் நிற்கும்போது பிள்ளை "வேண்டாம்பா" என்றால், அதோடு விட்டுவிடுங்கள். ஏன் என்று மாலையில்கூடக் கேட்காதீர்கள்.

விழுந்த பிறகும், விழாவிட்டாலும்

பறவை விழுந்ததும் உரிமத்தின் ஒட்டுச்சீட்டை முறைப்படி குறிக்க வேண்டும். பல மாநிலங்களில் அன்றைக்கே தொலைபேசியிலோ இணையத்திலோ பதிவும் செய்ய வேண்டும். ஆண் என்பதற்கு அத்தாட்சியாகத் தாடியை உடலோடு விட்டுவையுங்கள். சட்டத்துக்குப் புறம்பாகப் பிடித்த விலங்கை மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோவதை 1900-ஆம் ஆண்டின் லேசி சட்டம் கூட்டாட்சிக் குற்றமாக்குகிறது, வீடு சேரும்வரை காகிதங்கள் பறவையோடு இருக்கட்டும். காட்டிலிருந்து தூக்கி வரும்போது ஆரஞ்சுத் துணியில் சுற்றுங்கள். மே மாத வெயிலில் குடலை உடனே நீக்கி, ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். மார்புக்கறி வறுவலுக்கு ஆகும். கால்கறி கடைக் கோழிபோல வேகாது, காட்டில் ஓடிய கால். குக்கரில் நாட்டுக்கோழிக்கு விடுவதைவிட இரண்டு மூன்று விசில் கூடுதலாக விட்டுக் குழம்பு வையுங்கள். கடிக்குமுன் ரவை இருக்கிறதா என்று விரலால் பார்த்துவிடுங்கள்.

பெரும்பாலான முதல் பயணங்களில் எதுவும் விழாது. அதனால் பிற்பகல்களை வேட்டைக்குக் கொடுக்காமல் வையுங்கள். கிராஃபர்ட் அருகே ஃபோர்ட் ராபின்சன் இருக்கிறது. லகோட்டா வீரர் கிரேஸி ஹார்ஸ் 1877-இல் கொல்லப்பட்ட பழைய ராணுவ முகாம் அது, இப்போது மாநிலப் பூங்கா. அங்குள்ள அருங்காட்சியகத்தில், சண்டையிட்டபடி தந்தங்கள் சிக்கிக்கொண்டு சேர்ந்தே இறந்த இரண்டு மாமத் யானைகளின் எலும்புக்கூடுகளைக் காணலாம். 1962-இல் அந்தப் பக்கத்திலேயே கண்டெடுத்தவை. வடக்கே டோட்ஸ்டூல் பாறைவெளியில் காளான்போல நிற்கும் பாறைகளுக்கிடையே நடக்கலாம். சாட்ரனில் பழைய தோல் வணிகத்துக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. எல்லாம் ஒரு மணி நேர ஓட்டத்துக்குள்.

அண்மை ஆண்டுகளில் வான்கோழிகளின் எண்ணிக்கை குறைந்ததால், வெளிமாநிலத்தவருக்கு விற்கும் உரிமங்களுக்கு நெப்ராஸ்கா உச்சவரம்பு வைத்திருக்கிறது. விற்பனை ஜனவரியில் தொடங்கும். கட்டணம், பருவத் தேதி, பிள்ளைகளுக்கான விதி மூன்றும் ஆண்டுதோறும் மாறக்கூடியவை. பொங்கல் விடுமுறைக்குள் மாநிலத் துறையின் அந்த ஆண்டு வழிகாட்டியைப் பதிவிறக்கிப் படித்துவிடுங்கள், உரிமம் வாங்கும்போது பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.